நான் சுருக்கிச் சொன்ன பதில்

போன மாதம் ஒரு மத்தியானம் பக்கத்து ஃப்ளாட் பெண் கதவைத் தட்டினாள். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடிப் பக்கம் புதிது புதிதாக முளைத்திருக்கும் அடுக்ககங்களில் ஒன்றில்தான் இப்போது என் ஜாகை. அவள் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். நல்ல பெண். எனக்குக் காய்ச்சல் என்றால் ஷிப்ட்டுக்குப் போகும் முன் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அன்று கையில் இனிப்புப் பெட்டி.

“எடுத்துக்கோங்க ஆன்ட்டி.”

“என்னம்மா விசேஷம்? புரமோஷனா?”

“நீங்க டிவி பாக்கலையா? அந்தக் கேஸ்ல தூக்கு குடுத்துட்டாங்க! எங்க வாட்ஸப் குரூப்புல ஒரே கொண்டாட்டம்.”

எந்தக் கேஸ் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும், அல்லது அதைப் போல வேறொன்று தெரிந்திருக்கும். கொடூரமான கேஸ்தான். செய்தியைப் பாதிக்கு மேல் படிக்க முடியாமல் பேப்பரை மடித்து வைத்தவள்தான் நானும். ஆனால் அந்த மைசூர்பாகை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வாயருகே கொண்டுபோக முடியவில்லை. “சுகர் இருக்கும்மா” என்று சமாளித்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. அவளுக்கும் அது தெரியும்.

கதவைச் சாத்திய பிறகு நெய் வாசனை வீட்டுக்குள்ளேயே சுற்றியது. அதோடு இன்னொரு இனிப்பு நினைவுக்கு வந்தது. ஒரு சின்னப் பெண் குழந்தையின் வாயில் கரைந்துகொண்டிருந்த சாக்லேட். அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் டைப்ரைட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஓசூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். டைப்ரைட்டரில் ‘ர’ சரியாக விழாது. நான் அடித்த மனுக்களில் எல்லாரும் கால் இல்லாத ‘ர’வோடுதான் நீதி கேட்டார்கள். வக்கீல் தர்மபுரிக்காரர், நல்ல மனுஷன், மூச்சுவிட நேரமில்லாதவர். வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்குக் கோர்ட்டே ஏற்பாடு செய்யும் கேஸ்கள் நிறைய அவரிடம் வரும். எதையும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் எதற்கும் நேரம் இருக்காது.

நான் அவருக்குப் பிடித்துப்போனதற்கு டைப்பிங் காரணமில்லை, கன்னடம். அப்பா பட்டு வளர்ச்சித் துறையில் தளியில் வேலை பார்த்தார். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், ஆனால் தெருவில் பாண்டி ஆடியது, சண்டை போட்டது, காய் விட்டது எல்லாம் கன்னடத்தில். இன்றைக்கும் கோபம் வந்தால் எனக்குக் கன்னடம்தான் முதலில் வரும். கட்சிக்காரர்கள் கன்னடம் பேசினால் வக்கீல் என்னைக் கூப்பிடுவார். “ஏம்மா, இந்தாளு என்னா சொல்றாருன்னு கேளு.” அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் ஒரு ராத்திரி, தளியைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்தில், தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதியை யாரோ வெட்டிக் கொன்று நகைகளை எடுத்துப் போனார்கள். ஊரே கொதித்தது. கடையடைப்பு, சுவரொட்டி. மூன்றாவது நாள் மாதேஷ் என்று ஒரு லோடுமேனைப் பிடித்தார்கள். கொலைக்கு முந்தின நாள் அந்தத் தோட்டத்தில் முட்டைக்கோஸ் வெட்டியவன். அவன் வீட்டில் கோஸ் வெட்டும் கத்தி இருந்தது. கொலை நடந்த அன்று சாயங்காலம் அந்த வீட்டுப் பக்கம் அவனைப் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். பேப்பரில் அவன் படத்தைப் பார்த்துவிட்டு, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “இவனையெல்லாம் கேஸு கீஸுன்னு இழுத்தடிக்காம தூக்குல போடணும் சார்.”

வக்கீல் கேஸ் கட்டிலிருந்து தலை நிமிராமல், “அந்தக் கேஸு நம்மகிட்டதாம்மா வந்திருக்குது” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் சிரித்தார். பிறகு அவர் பாணியில் ஒரு பாடம் நடத்தினார். “ஒரு காலத்துல என்னா சட்டம் தெரியுமா? கொலைக்குத் தூக்குதான் வழக்கம். ஜட்ஜு தூக்கு குடுக்கலைன்னா ஏன் குடுக்கலைன்னு காரணம் எழுதணும். இப்ப தலைகீழு. தூக்கு குடுத்தா ஏன் குடுத்தேன்னு எழுதணும். அந்தக் காரணத்தை எழுதவிடாம பண்றதுதான் என் வேலை.”

தூக்கு என்றால் அன்று எனக்கு ஞாபகம் வந்தது ஒரு புளியமரம். நாங்கள் பஸ்ஸில் போகிற வழியில் நின்றது. வெள்ளைக்காரன் காலத்தில் அதில் ஆட்களைத் தொங்கவிட்டார்களாம். யாரை, எதற்காக என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. திருடர்கள் என்பார் ஒருவர், கலகம் செய்தவர்கள் என்பார் இன்னொருவர், வரி கட்டாதவர்கள் என்பார் மூன்றாமவர். மரத்துக்குப் பெயர் இருந்தது, தொங்கியவர்களுக்கு இல்லை. நாங்கள் அதன் பழத்தைப் பொறுக்கித் தின்றிருக்கிறோம். நல்ல புளிப்பு.

சொல்லப்போனால் எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஒரு மரண தண்டனை தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். சிலுவைக்குக் கீழே உட்கார்ந்துதான் தினமும் சோறு தின்றேன், ஜெபம் சொன்னேன். ஆணி, முள்முடி, விலாவில் ரத்தம். அது ஒரு கோர்ட் தீர்ப்பு என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

விசாரணை ஐந்தாறு மாதம் நடந்தது. எந்தக் கோர்ட் என்று சொல்லப்போவதில்லை, அந்தக் கட்டடத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாட்சிகள் எல்லாரும் சொல்லி முடித்த பிறகு குற்றம் சாட்டப்பட்டவரை ஜட்ஜ் நேரடியாகக் கேட்கும் ஒரு கட்டம் உண்டு. இந்தச் சாட்சி இப்படிச் சொல்கிறார், அந்தச் சாட்சி அப்படிச் சொல்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். அவன் வாய் திறக்கக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் பல சமயம் அதுதான். அன்று கன்னடம் தெரிந்த கோர்ட் ஊழியர் லீவு. பெஞ்ச் கிளார்க் என்னைப் பார்த்தார். “நீதான் கன்னடம் பேசுவியேம்மா. வா, வந்து நில்லு.”

சத்தியம் செய்துவிட்டு நின்றேன். மாதேஷை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். ஒல்லி. சட்டைக் காலர் பட்டன் வரை போட்டிருந்தார். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை “அக்கா” என்றார். பேப்பரில் பார்த்தவரை ‘அவன்’ என்று இருந்தவர் அந்த ஒரு சொல்லில் எனக்கு ‘அவர்’ ஆகிவிட்டார்.

கேள்விகள் நாற்பதுக்கு மேல். டைப் அடித்த தாளிலிருந்து கிளார்க் வேகமாக வாசிப்பார், நான் கன்னடத்தில் சொல்வேன், மாதேஷ் பெரும்பாலும் “கொத்தில்லா” என்பார். தெரியாது. நான் “தெரியாதுங்கறாரு” என்பேன். ஜட்ஜ் குறித்துக்கொள்வார். ஒரு தாளம் போலப் போய்க்கொண்டிருந்தது. மணி ஒன்றேகால். என் பையில் எலுமிச்சம்பழச் சாதம் இருந்தது. பசி.

அப்போது அந்தக் கேள்வி வந்தது. சம்பவம் நடந்த அன்று சாயங்காலம் அந்த வீட்டருகே உன்னைப் பார்த்ததாகச் சொல்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறாய்? மாதேஷ் அந்தக் கேள்விக்கு மட்டும் நிமிர்ந்தார். வேகமாக, மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தார். கோஸ் லோடு, லாரி, எல்லைச் செக்போஸ்ட், பில்லில் ஏதோ தப்பு, நிறுத்திவிட்டார்கள், டிரைவர், ரிஜிஸ்டர், கைநாட்டு. நான் நாலு வாக்கியத்தைப் பிடித்து மனதில் கோத்துக்கொண்டு, “சார், அன்னைக்கு இவரு லாரில...” என்று ஆரம்பித்தேன்.

கிளார்க் கையை உயர்த்தினார். “கதையெல்லாம் வேண்டாம்மா. சுருக்கமா சொல்லு. பாத்ததா சொல்றது நிஜமா, பொய்யா, தெரியாதா?”

நான் மாதேஷைப் பார்த்தேன். அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“தெரியாதுங்கறாரு சார்” என்றேன்.

அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். நானும் போய்விட்டேன். செக்போஸ்ட் விஷயமெல்லாம் வக்கீலுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று நான் நினைத்தேன். மாதேஷுக்குச் சாட்சி இருந்தால், அவருக்காகக் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த மச்சான் வந்து சொல்லியிருப்பார் என்று வக்கீல் நினைத்திருந்தார். மச்சானுக்குத் தமிழ் அரைகுறை, மாதேஷே கோர்ட்டில் சொல்லிவிடுவார் என்று இருந்துவிட்டார். இப்படி மூன்று பேர் ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டிருந்தோம். வெளியே வந்து எலுமிச்சம்பழச் சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

தீர்ப்பு அன்று கோர்ட்டில் நிற்க இடமில்லை. குற்றவாளி என்று சொல்லிவிட்டு, தண்டனையைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று ஜட்ஜ் கேட்டார். மறுபடியும் நான்தான் அதைக் கன்னடத்தில் கேட்டேன். “மனெகெ ஹோக்பேகு அக்கா” என்றார் மாதேஷ். வீட்டுக்குப் போகணும். இந்த முறை நான் சுருக்கவில்லை. சுருக்க அதில் ஒன்றுமில்லை.

ஜட்ஜ் ஆங்கிலத்தில் வாசித்தார். குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பில் எந்த விளக்கமும் தரவில்லை, அன்று சாயங்காலம் அந்த வீட்டருகே பார்த்ததாகச் சொன்னதற்குத் தெரியாது என்று மட்டுமே பதில் சொன்னார், இதுவும் அவருக்கு எதிரான சங்கிலியில் ஒரு கண்ணி. அது மாதேஷ் சொன்ன பதில் இல்லை. என் பதில். பசியில் நின்ற ஒரு டைப்பிஸ்ட் சொன்னது. பிறகு, சாகும்வரை தூக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டு ஜட்ஜ் பேனாவின் நிப்பை மேஜையில் அழுத்தி முறித்தார். மரண தண்டனை எழுதிய பேனாவால் இன்னொன்று எழுதக் கூடாது என்று ஒரு வழக்கம். ‘டிக்’ என்று சின்னச் சத்தம்.

மாதேஷ் என் பக்கம் குனிந்தார். “ஏனந்த்ரு அக்கா?” என்ன சொன்னாங்க?

எனக்குக் கன்னடத்தில் அந்தச் சொல் தெரியும். வாயில் வரவில்லை. “தொட்ட சிக்ஷெ” என்றேன். பெரிய தண்டனை.

“எஷ்டு வர்ஷா?” எத்தனை வருஷம்?

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள், பாவம், அவரும் உதவத்தான் நினைத்தார். தன் கழுத்தைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போட்டு மேலே இழுத்துக் காட்டினார். மாதேஷ் சிரித்தார். விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, அவர் கண்கள் மட்டும் என்னிடம் வந்தன. சிரிப்பு எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே ஓடியிருந்தேன்.

வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ தட்டு நிறைய சாக்லேட் கொடுத்துக்கொண்டு போனார்கள். வேப்பமரத்தடியில் மாதேஷின் மனைவி லட்சுமம்மா நின்றிருந்தார், இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அவர் யார் என்று தெரியாமல் அவர் கையிலும் சாக்லேட் கொடுத்திருக்கிறார்கள். குழந்தை அதைச் சப்பிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் லட்சுமம்மாவின் முகம் மலர்ந்தது. பட்டாசு, இனிப்பு, எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். வேறென்ன நினைப்பார்?

“பிட்டுபிட்ரா அக்கா?” விட்டுட்டாங்களா?

நான் குழந்தையின் வாயிலிருந்து அந்தச் சாக்லேட்டைப் பிடுங்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். குழந்தை வீறிட்டது. லட்சுமம்மாவுக்கு அப்போது புரிந்துவிட்டது.

மறுநாள் வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, செக்போஸ்ட், ரிஜிஸ்டரில் கைநாட்டு. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

“நான் ஜெயில்ல போய் அந்தாளைப் பாத்தது ரெண்டே தடவைம்மா. பத்துப் பத்து நிமிஷம். நானும் கேக்கல” என்றார். பிறகு, “மேல்கோர்ட்டு உறுதி பண்ணாத யாரையும் தூக்குல போட முடியாது. அங்க ஒரு வழி இருக்குது. நீ ஒரு அஃபிடவிட் போடணும். அவர் சொன்னதை நான் சரியா மொழிபெயர்க்கலன்னு. ஆனா சத்தியம் பண்ணிட்டு நின்னவ நீ. நாளைக்கு உனக்கு கவர்மென்ட்டு வேலை அது இதுன்னா இது குறுக்க வரலாம். யோசிச்சு சொல்லு.”

யோசித்தேன். பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, மூன்று வாரம் யோசித்தேன். அரசுத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரம். அப்பா ஒரே பேச்சாக, “கொலைகாரனுக்காக உன் வாழ்க்கையைக் கெடுத்துக்காத” என்றார். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார், “நீ பொய் சொன்னியாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல ஃபாதர். சுருக்கிச் சொன்னேன்.”

“அது பாவத்துல வராதேம்மா.”

மன்னிப்பே கிடைக்காதது போல எழுந்து வந்தேன். மறுநாள் காலையில் என் டைப்ரைட்டரில் என் அஃபிடவிட்டை நானே அடித்தேன். கால் இல்லாத ‘ர’க்களுக்கெல்லாம் பேனாவால் கால் போட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

லட்சுமம்மாவும் நானும் செக்போஸ்ட்டுக்குப் போனோம். லாரிகள் கண்ணுக்கெட்டியவரை நின்றன. டீசல் புகை, அழுகின தக்காளி வாடை. அங்கிருந்த பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். “அந்த வருஷத்து ரிஜிஸ்டரா? காலம் முடிஞ்சதும் அதெல்லாம் கழிச்சுக் கட்டிடுவாங்கம்மா. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா தேடிப் பாத்திருக்கலாம்.” எவ்வளவு முன்னாடி என்று நான் கேட்கவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்த அந்த மூன்று வாரத்தில்தான் கழித்திருப்பார்களோ என்று பயம். டிரைவர் கோலார் பக்கத்துக்காரர். ஆள் விட்டு விசாரித்ததில், ஒரு விபத்தில் போய்விட்டார் என்று தெரிந்தது.

மேல்கோர்ட் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. தீர்ப்பில் என் அஃபிடவிட்டுக்கு ஒன்றரை வரி. வக்கீல் அதை இப்படி விளக்கினார்: “விடுதலை பண்ற அளவுக்கு சந்தேகம் இல்லியாம். ஆனா தூக்குல போட மனசு வரலியாம்.” அவருக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்கும்தான். என் அரசு வேலைக்கு ஒன்றும் குறுக்கே வரவில்லை. நான் தேர்விலேயே தேறவில்லை. கடைசியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே காலம் ஓட்டினேன்.

பதினேழு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தேன். மாதா கோவில் வாசலில் தலை நரைத்த ஒருவர் நின்றிருந்தார்.

“நல்லா இருக்கீங்களாக்கா? நான் மாதேஷு. போன மாசம் விட்டுட்டாங்க. வக்கீல் சார் தவறிட்டாருன்னு சொன்னாங்க. உங்களையாச்சும் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவர் பேசியது தமிழ். சுத்தமான, தடங்கலில்லாத தமிழ். ஜெயிலில் கற்றுக்கொண்டதாம். எழுதவும் தெரியுமாம், மற்ற கைதிகளுக்குக் கடிதமெல்லாம் எழுதிக்கொடுத்திருக்கிறார். எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். மகள் செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். “மாமன் வீட்டுலயே வளந்துட்டா. அவனைத்தான் அப்பான்றா. என்னை ‘அவரு’ன்றா. தப்பு சொல்ல முடியாதுக்கா” என்றார்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராகி, கடைசியில் வேறொன்று கேட்டேன். “அன்னைக்கு கோர்ட்டுல நீங்க சொன்னதை இப்ப முழுசா சொல்றீங்களா?”

அவர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார். எத்தனை மணிக்கு லோடு ஏற்றினார்கள், ஓசூரில் தக்காளிக் கூடைகளையும் ஏற்றியது, செக்போஸ்ட்டில் பில்லைப் பார்த்துவிட்டு ஓரங்கட்டச் சொன்னது, டிரைவருக்கும் அங்கிருந்தவருக்கும் வாய்த்தகராறு, ‘நீயும் ஒரு கைநாட்டு வை’ என்று தன் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தியது, விடிந்தபின் விட்டது. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்லி முடித்தபோது கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷம். டீ ஆறக்கூட இல்லை.

அவர் சொன்னது உண்மையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மை என்றுதான் மனசு சொல்கிறது. ஆனால் மனசு சொல்வதை வைத்து அன்று டீக்கடையில் அவரை நான் விடுதலை செய்ய முடியாது. அதே மனசுதான் பேப்பர் படத்தைப் பார்த்து அவரைத் தூக்கில் போட்டது. எனக்கு இன்றும் ஆறாத அதிர்ச்சி, அவர் செய்தாரா இல்லையா என்பதில் இல்லை. ஒரு மனுஷனுக்கும் கயிற்றுக்கும் நடுவில் நான் இருந்தேன், என் பசி இருந்தது, கிளார்க்கின் அவசரம் இருந்தது, அவ்வளவுதான் இருந்தது என்பதில்தான்.

மாதேஷ் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். சாதாரணமாக, காய்ச்சலில், வீட்டில். லட்சுமம்மா போன் செய்து சொன்னார். மாதேஷ் வேலை செய்த கோஸ் தோட்டத்தில் இப்போது ரோஜாவுக்குப் பிளாஸ்டிக் கூரை போட்டிருக்கிறார்களாம். நாங்கள் ரிஜிஸ்டர் கேட்டு நின்ற செக்போஸ்ட்டையும் எடுத்துவிட்டார்கள். போன வாரம் அந்த இடத்தைப் பார்க்கலாம் என்று போனேன். லாரிகள் நிற்காமல் கர்நாடகத்துக்குள் பறந்துகொண்டிருந்தன. சாலையோரம் இளநீர் விற்றவரிடம், “இங்க செக்போஸ்ட் எந்த இடத்துல இருந்துச்சுங்க?” என்று கேட்டேன். அவர் இப்படி ஒருமுறை, அப்படி ஒருமுறை பார்த்தார்.

“தெரியலிங்கம்மா. நான் வந்தப்பவே இல்லிங்க.”

அந்த மனுஷன் சொன்னது மெய்யா பொய்யா என்று பார்க்க இனி ஒரு ஆள் கிடையாது, ஒரு தாள் கிடையாது, ஒரு கட்டடம்கூடக் கிடையாது. அவர் வாயால் நான் கேட்ட அந்த நாலு நிமிஷம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதுவும் ஒரு நிப்பு முறிந்த சத்தத்தோடு போயிருக்க வேண்டியது.